இரண்டு விரலுக்கு ஒரு பிரேக்

"சாவியக் குடுங்கண்ணே. அவ ரோட்டுல காத்துட்டு நிக்கா."

அருள்ராஜ் மூன்றாவது தடவையாகக் கேட்டார். நான் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கேரேஜுக்குள் இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தேன். வேலை முடிந்து வண்டியைத் துடைத்தும் வைத்தாயிற்று. கொடுக்கத்தான் மனசு வரவில்லை.

எங்கள் கேரேஜ் தாராவி 90 ஃபீட் ரோட்டை ஒட்டிய சந்தில் இருக்கிறது. அருள்ராஜுக்குப் பக்கத்துத் தோல் பட்டறையில் வேலை. அங்கே பிரஸ் மெஷினில் மாட்டி, வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. முன் பிரேக் லீவர் இருப்பதும் அந்தக் கைப்பக்கம்தான். அவருடையது கனமான குரூஸர் வண்டி. ஒருநாள் மாட்டுங்கா சிக்னலில் நிற்காமல் போய் டாக்ஸியில் இடித்தது. பின்னால் அவர் மனைவி ஸ்டெல்லா. அதன்பிறகு புதன்கிழமை மாஹிம் சர்ச்சுக்கு அவர் பைக்கில் போவார், அந்த அம்மா பஸ்ஸில் போகும்.

அதற்காகத்தான் குர்லாவில் அலைந்து பெரிய டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்க நாலு பிஸ்டன் காலிப்பர், பெரிய பைக்கின் மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் வாங்கி வந்திருந்தார். மாஸ்டர் சிலிண்டர் என்பது லீவரோடு இருந்து பிரேக் ஆயிலைத் தள்ளுகிற பகுதி.

"பெருசாப் போட்டா நல்லா நிக்கும்லாண்ணே?"

எல்லாம் மாட்டி, ஆயில் குழாயிலிருந்து ஏர் எடுத்து, ஓட்டிப் பார்த்தேன். லீவர் ஏக்தம் கடக், கல் மாதிரி. வண்டி டக்கென்று நின்றது. ஆனால் பிடித்தது என் கை. அதுதான் சாவியைக் கொடுக்கவிடாமல் உறுத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் இன்சுலேஷன் டேப்பை எடுத்து என் வலது கையில் அதே இரண்டு விரல்களை உள்ளங்கையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மறுபடி சந்துக்குள் ஓட்டினேன். மிச்சமிருந்த இரண்டு விரலால் லீவரை இழுத்தேன். வண்டி பாட்டுக்குப் போனது. கால் பிரேக்கை மிதித்து, இட்லிக்காரர் சைக்கிளுக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தினேன். வண்டியைத் தள்ளிக்கொண்டே அருள்ராஜிடம் திரும்பி வந்தேன்.

"பெரிய சிலிண்டருக்குக் கைபலம் அதிகம் வேணும். டிஸ்க்கும் காலிப்பரும் இருக்கட்டும், சிலிண்டர் மட்டும் உங்க பழசையே மாட்டுதேன். லீவர் கொஞ்சம் உள்ள வரும், ஆனா லேசா இருக்கும்."

"அலைஞ்சு வாங்கிட்டு வந்திருக்கேன், பழசை மாட்டுதேங்கியளே!"

சத்தம் கேட்டு ஸ்டெல்லா உள்ளே வந்தார்.

"நிக்குமா, நிக்காதாண்ணே?"

"இவர் கைக்கு இப்ப நிக்காதும்மா."

அந்த அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டது. "அப்ப நீங்க வேலையப் பாருங்க."

பழைய சிலிண்டரை மாட்டி மறுபடி ஏர் எடுத்தேன். அருள்ராஜ் லீவரை மறுபடி மறுபடி இழுத்துப் பார்த்தார். சாவியை நீட்டினேன். ஸ்டெல்லா எழுந்திருக்கவில்லை.

"மொதல்ல நீங்க பின்னால ஏறுங்கண்ணே."

ஏறினேன். எத்தனையோ வண்டி ஓட்டிப் பார்த்தவன், பின்னால் உட்கார்ந்ததும் பயந்து செத்தேன். என் கால் சும்மா சும்மா இல்லாத பிரேக்கை மிதித்தது. மெதுவாகத்தான் போனோம். பிளாஸ்டிக் மூட்டை ஏற்றிய கைவண்டி ஒன்று குறுக்கே வந்தது. அருள்ராஜின் இரண்டு விரல்கள் லீவரில் மடங்கின. வண்டி முன்பக்கம் தணிந்து நேராக நின்றது. கைவண்டிக்காரன் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனான். எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

கேரேஜ் வாசலுக்குத் திரும்பி வந்தும் நான் இறங்காமலே உட்கார்ந்திருந்தேன்.

"இறங்குங்கண்ணே, நேரமாவுது," என்றார் ஸ்டெல்லா. "அது என் எடம்."

இப்போதெல்லாம் பிரேக் வேலை என்று யார் வந்தாலும், வண்டியைப் பார்க்குமுன் கையைக் காட்டச் சொல்கிறேன். "என்னண்ணே, ஜோசியமா?" என்று சிரிக்கிறார்கள். சிரித்துக்கொண்டே நீட்டட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.