மாடு பார்க்க ஆபிரிக்கா

எங்கள் சொந்தக்காரர்கள் பயணம் போவதென்றால் கனடாவுக்குக் கலியாணத்துக்குப் போவார்கள், இல்லாவிட்டால் சிதம்பரத்துக்கு நேர்த்திக்கடன் தீர்க்கப் போவார்கள். மாடு பார்க்க ஆபிரிக்காவுக்குப் போன குடும்பம் லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் எங்களுடையது ஒன்றுதான். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கைக்கு வந்த உடனே அப்பா எடுத்த முடிவு அது. பெரியம்மாவுக்கு டெலிபோனில் சிரிப்பு அடங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் நாங்கள் பார்க்காத மாடா என்று கேட்டார்.

இது வேறு மாடு, இதன் பெயர் வில்டபீஸ்ட் என்று அப்பா பொறுமையாக விளக்கினார். மாட்டின் உடம்பு, குதிரையின் வால், ஆட்டின் தாடி, மூன்றையும் யாரோ அவசரத்தில் ஒட்டவைத்தது போல ஒரு மிருகம். புல்லும் மழையும் தேடி ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் நடக்கும். வழியில் முதலைகள் கிடக்கும் மாரா ஆற்றைக் கடக்கும். பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் முடித்து வந்து அப்பா தேநீர்க் கோப்பையோடு அமருவார். தொலைக்காட்சியில் காட்டியதை வீடியோவில் பதிந்து வைத்திருந்தார். ஆறு கடக்கும் இடத்தையே திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்ப்பார். முதலை வாயைத் திறக்கும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன். எனக்கு அப்போது பத்து வயது, நல்ல பயந்தாங்கொள்ளி.

அம்மா அப்படியில்லை. சிலந்தியை வெறுங்கையால் பிடித்து யன்னலால் எறிகிறவர். எங்கள் வீட்டுக் கூரைக்கு மேலால் நாள் முழுக்க விமானங்கள் உயரத்தில் போகும். அண்ணாந்தும் பார்க்க மாட்டார். அவரிடம் ஒரு வினோதமான பழக்கம் இருந்ததென்றால் அது பஸ்ஸில்தான். எந்த பஸ்ஸானாலும் கீழ்த்தட்டில், கதவுக்குக் கிட்டவுள்ள சீட்டில்தான் இருப்பார். என் பள்ளிக்கூடப் பையையும் பிடுங்கித் தன் மடியில் வைத்து, அதன் வாரைக் கையில் சுற்றிக்கொள்வார். மேல்தட்டில் முன் சீட்டுக்குப் போவோம் என்று நான் எத்தனை தரம் கெஞ்சினாலும் ஒரே பதில்தான்.

"இஞ்சயெண்டால் இறங்கச் சுகம், பிள்ளை."

சுவாமித் தட்டுக்குப் பக்கத்தில் அம்மாவின் தங்கையின் படம் மாட்டியிருந்தது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது சித்தி ஊரில் பஸ்ஸில் போய்ச் செத்துப்போனார் என்று மட்டும் எனக்குத் தெரியும். பஸ் எங்கேயோ மோதியிருக்கும் என்று நானே தீர்மானித்து வைத்திருந்தேன். அதனால்தான் அம்மாவுக்கு பஸ் என்றால் ஒரு மாதிரி என்பதும் என் கண்டுபிடிப்புத்தான்.

கென்யாவில் எங்களை ஜீப்பில் கூட்டிக்கொண்டு திரிந்த சாரதி நரை விழுந்த, அதிகம் பேசாத மனிதர். அப்பா அவரைத் தமிழிலேயே அண்ணை என்று கூப்பிடுவார். முதல் நாளே அவர் ஒரு சட்டம் சொன்னார். என்ன நடந்தாலும் ஜீப்பை விட்டு இறங்கக் கூடாது. உள்ளே இருக்கும்வரை மிருகங்களின் கண்ணுக்கு நாங்களும் ஜீப்பும் ஒன்று. காலைக் கீழே வைத்தால் நாங்கள் இறைச்சி. அப்பா அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னார். அம்மா, இதென்ன பெரிய விஷயம் என்பது போலத் தலையாட்டினார். எனக்குத்தான் அன்றிரவு முழுக்க அந்த இறைச்சி என்ற சொல் காதுக்குள் நின்றது.

ஆற்றங்கரைக்குக் காலையிலேயே போய்விட்டோம். எதிர்க்கரை கறுப்பாக இருந்தது. கரை முழுக்க மாடுகள். முன்னால் நின்றவை தண்ணீர்வரை வரும், மணந்து பார்க்கும், திரும்பிப் போகும். பின்னால் நின்றவை முனகிக்கொண்டே தள்ளும். அந்த முனகல் வீடியோவில் கேட்டது போல இல்லை. வயிற்றுக்குள் வந்து இறங்கியது. தண்ணீரில் கிடந்த மரக்குற்றிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அவற்றில் ஒன்று அசைந்ததும் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

வெயில் ஏறியது. அம்மா கட்லெட்டை எடுத்துச் சாரதிக்கும் கொடுத்தார். அவர் உறைப்பில் கண் கலங்கினாலும் இரண்டாவதையும் வாங்கிச் சாப்பிட்டார். அப்பா யாரிடமோ இரவல் வாங்கி வந்த தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்கவேயில்லை. கமெராவை என்னிடம் தந்து, முதலாவது மாடு குதிக்கும்போது அமத்து என்று சொல்லியிருந்தார். அவ்வளவு பெரிய பொறுப்பை அவர் அதற்கு முன் என்னிடம் தந்ததில்லை.

முதலாவது மாடு குதித்தது. அதன் பின்னால் கரையே இடிந்து விழுவது போல மற்றவையும் குதித்தன. புழுதியும் தண்ணீரும் ஒன்றாக எழும்பின. நான் கமெராவைத் தூக்கினேன். அப்போதுதான் எங்களுக்குப் பின்னாலிருந்து, மரங்களை உரசுவது போல மிகவும் பதிவாக, ஒரு சின்ன விமானம் வந்தது. உல்லாசப் பயணிகளை ஏற்றி இறக்கும் விமானம் அது. பக்கத்தில் எங்கோ இறங்கப் போய்க்கொண்டிருந்தது.

ஜீப்பின் கதவு திறந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. என் சட்டையைப் பிடித்த கைதான் தெரிந்தது. அடுத்த கணம் என் கால் புல்லில் நின்றது. அம்மா என்னை இழுத்துக்கொண்டு ஜீப்பிலிருந்து விலகி ஓடினார். கமெரா படியில் விழுந்துவிட்டது. கமெரா, கமெரா என்று கத்திக்கொண்டு கையை உதறித் திரும்பினேன். அம்மா என் கன்னத்தில் அறைந்தார். என் வாழ்நாளில் அம்மா என்னை அடித்தது அந்த ஒரு முறைதான்.

ஒரு பள்ளத்துக்குள் என்னைக் குப்புறத் தள்ளி மேலே படுத்துக்கொண்டார். தன் கார்டிகன் கையை என் வாய்க்குள் திணித்தார்.

"இதைக் கடி. காதைப் பொத்து. எழும்பாதை."

சிங்கம் வரும் என்று சொல்ல நினைத்தேன், வாயில் கம்பளி. நிலம் அதிரத் தொடங்கியது. ஆற்றைக் கடந்த மாடுகள் எங்கள் பக்கக் கரையில் ஏறிக்கொண்டிருந்தன. ஓரக்கண்ணால் பார்த்தேன். புழுதிக்குள் கால்கள் மட்டும் தெரிந்தன. முதலையை மறந்தேன், சிங்கத்தையும் மறந்தேன். என் மேல் கிடந்த அம்மாவுக்குத்தான் நான் பயந்தேன். அவருடைய இதயம் என் முதுகில் இடித்தது. அவர் சொல்லிக்கொண்டிருந்தது என்னுடைய பெயர் இல்லை, சித்தியின் பெயர்.

சாரதி ஜீப்பைக் கிளப்பி, எங்களுக்கும் மாடுகளுக்கும் நடுவில் கொண்டுவந்து குறுக்காக நிறுத்தினார். அதைக் கண்டதும் அம்மா இன்னும் மோசமாகப் பதறினார். கையை வீசி, சாரதிக்குப் புரியாத தமிழில் கத்தினார்.

"கிட்ட வராதையுங்கோ! ஜீப்பை அங்கால கொண்டு போங்கோ!"

மாடுகள் ஜீப்பில் பட்டு இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் ஓடின. அப்பா இறங்கி வந்தார். எங்களைத் தூக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தூக்கவில்லை. எங்களுக்குப் பக்கத்தில் தானும் குப்புறப் படுத்துக்கொண்டு, அம்மாவின் காதுக்குள் மெதுவாகச் சொன்னார்.

"பிளேன் போயிட்டுது. அது ஆக்களை ஏத்துற பிளேன். இனி எழும்பும்."

ஒருவரும் அம்மாவை ஏசவில்லை. சாரதி கமெராவின் புழுதியைத் துடைத்து என்னிடம் தந்தார். அம்மா என் முழங்காலைத் துப்புரவாக்கினார். அவ்வளவு ஆசைப்பட்டு வந்த அப்பா ஆறு கடப்பதைப் பார்க்கவேயில்லை. லண்டனுக்குத் திரும்பியதும் பெரியம்மா மாடு கண்டனீங்களோ என்று கேட்டபோது, ஓம் கண்டனாங்கள் என்று சொல்லி வீடியோவில் பார்த்ததை முழுக்க எடுத்துவிட்டார். பெரியம்மாவும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

நான் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகுதான் அப்பா மற்றதைச் சொன்னார். சண்டைக் காலத்தில் ஊரில் ஓடிய அந்த பஸ் எதிலும் மோதவில்லை. தெருவுக்கு மேலால் இராணுவ ஹெலிகொப்டர் பதிந்து வந்தபோது எல்லோரும் பஸ்ஸிலிருந்து குதித்து வயலுக்குள் ஓடினார்கள். வாகனத்துக்குத்தான் மேலேயிருந்து சுடுவார்கள் என்பது அங்கே சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். அம்மா என்னோடு பின்பக்கத்தால் இறங்கினார். சித்தியும் இறங்கிவிட்டார். பிறகு, பிள்ளையின் பால்போத்தல் பைக்குள் கிடக்குது, எடுத்துக்கொண்டு ஓடி வாறன் என்று சொல்லித் திரும்பி ஏறினார்.

பத்து வயதில் இதொன்றும் எனக்குத் தெரியாது. விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கிய முதல் நாள், கன்னத்தில் வாங்கிய அடியின் கோபம் இன்னும் ஆறாமல், பஸ்ஸில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்க மாட்டேன் என்றேன். மேல்தட்டுக்குத் தனியாக ஏறப் போனேன். அம்மா மறிக்கவில்லை. கையை மட்டும் நீட்டினார்.

"பையைத் தந்திட்டுப் போ."

கொடுத்துவிட்டுப் படியேறினேன். ஒரு பையைக்கூட ஒழுங்காக வைத்திருக்கத் தெரியாதவள் என்று அம்மா என்னை நினைக்கிறார் என்றுதான் அன்று எனக்குக் கோபம்.