முன்வாசல் வழியாகப் போனோம்

இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் நடந்தது இது. அப்போது மாண்ட்ரியலுக்குத் தென்கரையில், ஆற்றைத் தாண்டினால் வரும் புரோசார்ட்டில் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் கனடாவிலேயே படித்து வளர்ந்தவர். அந்நாட்டு ராணுவத்தில் வண்டி மெக்கானிக். திண்டுக்கல்லில் என்னைப் பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளை மிலிட்டரி என்று கேட்டதும் என் சித்தப்பா, "கேன்டீன்ல சாமான் சல்லிசாக் கிடைக்கும்" என்று சந்தோஷப்பட்டார். நானும் அதற்கு மேல் எதையும் யோசித்துப் பார்க்கவில்லை.

முதல் குளிர்காலம் முழுக்க நான் கோபத்திலேயே கழித்தேன். பனி மேல் கோபம். 'போன்ஷூர்' என்று ஆரம்பித்து, நான் முழிப்பதைப் பார்த்ததும் ஆங்கிலத்துக்குத் தாவும் கடைக்காரப் பெண்கள் மேல் கோபம். விடியுமுன் கிளம்பி இருட்டியபின் வரும் கணவர் மேல் எல்லாவற்றையும்விட அதிகக் கோபம். என்னை மறுபடி மனுஷியாக்கியவர் கீழ்வீட்டு அக்காதான். மன்னார்க்காரர். கார்ட்ரி என்று இங்கே சொல்கிற குழந்தைகள் காப்பகத்தில் சமையல் வேலை. என்னைவிட ஏழெட்டு வயது பெரியவராக இருப்பார். கறிவேப்பிலை எங்கே வாடாமல் கிடைக்கும், உறைந்த பனியில் பாதத்தை எப்படி வைக்க வேண்டும், எல்லாம் அவரிடம் படித்ததுதான். அவருடைய கணவர் ஊரில் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதற்கு மேல் அவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அடுத்த குளிர்காலத்தில் என் கணவரை ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பினார்கள். அப்போதுதான் இங்குள்ள ராணுவ முகாமில் நடந்த மனைவிமார் கூட்டத்தில் எனக்கொரு தோழி கிடைத்தாள். பிரெஞ்சு பேசும் கியூபெக்காரி, அவள் கணவரும் அதே படைப்பிரிவு. அடி தேய்ந்த என் பனிக்காலணியைப் பார்த்துவிட்டு, அன்றே காரில் ஏற்றிப்போய்ப் புதிது வாங்க வைத்தாள். எனக்கு அரைகுறை பிரெஞ்சு, அவளுக்கு அரைகுறை ஆங்கிலம். இருந்தாலும் எங்கள் சண்டை சமாதானம் எதற்கும் குறை வந்ததில்லை. "என் வீட்டுக்கு வந்தால் பக்கவாட்டுக் கதவு வழியாக வா, உன் பெயரைச் சொல்லிக் குரல் கொடுத்துக்கொண்டே வா" என்று ஒருமுறை சொன்னாள். உரிமையோடு சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நம் ஊரில் கொல்லைப்புறமாக வருகிறவர்களுக்கு என்ன பெயர் என்று அவளுக்கு எப்படித் தெரியும்!

ஜனவரியில் ஒருநாள் என் கணவரிடமிருந்து வரவேண்டிய போன் வரவில்லை. மெயிலும் இல்லை. தோழியைக் கூப்பிட்டேன். அவளுக்கும் வரவில்லை. வழக்கமாகப் பொரிந்து தள்ளுகிறவள், ஒற்றை ஒற்றை வார்த்தையாகப் பேசினாள். விஷயம் இதுதான். அங்கே யாராவது இறந்துவிட்டால், அவருடைய குடும்பத்துக்கு முறைப்படி சொல்லி முடிக்கும்வரை முகாமிலிருந்து ஒருவரும் வீட்டோடு பேச முடியாது. எல்லாத் தொடர்பையும் துண்டித்துவிடுவார்கள். அதாவது, எந்த வீட்டுக்கும் போன் வரவில்லை என்றால் யாரோ ஒருத்தியின் புருஷன் போய்விட்டான் என்று அர்த்தம்.

இரவுச் செய்தியிலும் அதையேதான் சொன்னார்கள். ஒரு வீரர் இறந்திருக்கிறார், பெயரைப் பிறகு அறிவிப்போம் என்று. சாமி படத்தின் முன்னால் உட்கார்ந்தேன். "இவரா இருக்கக்கூடாது தாயே, வேற யாரா வேணும்னாலும் இருக்கட்டும்" என்று வாய்விட்டே சொன்னேன். என்ன கேட்கிறோம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

காலையில் தோழியின் நினைப்பு வந்தது. இரண்டு பெண்குழந்தைகளை வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறாள், அடுப்பாவது பற்றவைத்தாளோ இல்லையோ. நல்லதுக்கு அழைத்தால் போக வேண்டும், கெட்டதுக்கு அழைக்காமலே போக வேண்டும் என்பார்களே, அதுதான் மனதில் ஓடியது. அக்காவிடம் சொன்னேன். அன்று அவருக்கு வேலை இல்லை. மறுபேச்சுப் பேசாமல் இடியாப்பம் அவித்து, பிள்ளைகளுக்கு உறைக்காமல் தேங்காய்ப்பால் சொதியும் வைத்துவிட்டார்.

"ஒரு போன் அடிச்சுச் சொல்லிப்போட்டுப் போவமே?" என்றார்.

"வேணாங்க்கா. மணி அடிச்சாலே பயந்துருவா."

எவ்வளவு யோசனையாகச் செய்தேன் பாருங்கள். இந்த மாதிரி வீட்டுக்கு ஒற்றையாகப் போகக்கூடாது என்று அக்காவையும் கூட்டிக்கொண்டேன். வெளியே எலும்பு வரை குளிர் என்பதால், கணவர் விட்டுப்போயிருந்த ராணுவக் குளிர்கோட்டை மாட்டித் தொப்பியையும் இழுத்துவிட்டுக்கொண்டேன். அக்கா மாதா கோயிலுக்குப் போடும் கறுப்புக் கோட்டில் வந்தார். பஸ்ஸில் போய் இறங்கி நடந்தோம். அவள் வீட்டின் பக்கவாட்டுப் பாதை சுத்தமாக இருந்தது. முன்வாசல் பாதையில் மட்டும் முழங்காலளவு பனி அள்ளாமல் கிடந்தது. பாவம், தனியாள் எவ்வளவுதான் அள்ளுவாள் என்று நினைத்தேன். மனம் உடைந்து கிடக்கிறவள் வீட்டுக்குச் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு திருட்டுப்பூனை மாதிரிப் பக்கவாட்டில் நுழைவதா? பனியில் புதைந்து புதைந்து முன்வாசலுக்கே போனோம். நான் கதவைத் தட்டினேன்.

ஜன்னல் திரை லேசாக விலகியது. உடனே உள்ளே ஒரு சத்தம் கேட்டது. அது எப்படி இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவள் தரையில் உட்கார்ந்து காதுகளைப் பொத்திக்கொண்டு 'நோ, நோ' என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். குழந்தைகள் இரண்டும் அவளைப் பார்த்து வீறிட்டன. நான் கதவை இன்னும் பலமாகத் தட்டினேன். கற்ற மொழியெல்லாம் மறந்துபோய், "நான்தான், நான்தான்!" என்று தமிழில் கத்தினேன்.

முதலில் புரிந்துகொண்டவர் அக்காதான். "கோட்டைக் கழட்டு பிள்ளை! முதல்ல அந்தக் கோட்டைக் கழட்டு!"

கழற்றி எறிந்தேன். அதில் அக்கா கையிலிருந்த தூக்குச்சட்டி தட்டுப்பட்டு, பாதிச் சொதி பனியில் மஞ்சளாகக் கொட்டியது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். எழுந்து வந்து கதவைத் திறந்தாள். என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

உள்ளே போன பிறகுதான் எனக்கு விளங்கச் சொன்னாள். சாவுச் செய்தியைப் போனில் சொல்லமாட்டார்களாம். சீருடையில் ஓர் அதிகாரியும் கூடவே ஒரு பாதிரியாருமாக இருவர் நேரில் வருவார்களாம். சொல்லிக்கொள்ளாமல் வருவார்கள், முன்வாசலுக்குத்தான் வருவார்கள். அதனால், புருஷன் போர்க்களத்தில் இருக்கும்வரை இந்தப் பெண்கள் அந்த வாசலைப் புழங்குவதே இல்லை. அவள் அங்கே பனி அள்ளாமல் விட்டதும் அதனால்தான். வருகிறவர்கள் கொஞ்சமாவது சிரமப்படட்டும் என்று விட்டிருந்தாளாம். மரியாதை மரியாதை என்று நான் பார்த்துப் பார்த்துச் செய்த ஒவ்வொன்றும் சேர்ந்து அவளை ஒரு நிமிஷம் விதவையாக்கியிருக்கிறது. பூமி பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்றிருந்தது.

அப்போது போன் அடித்தது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். பெரிய குழந்தை ஓடிப்போய் எடுத்து, "பாப்பா!" என்று பிரெஞ்சில் அப்பாவை அழைத்துக் கூவியது. தோழி அதைப் பறித்துக் காதில் வைத்தாள், கேட்டாள், என் பக்கம் திரும்பிக் கட்டைவிரலை உயர்த்தினாள். அவள் கணவர் நலம். பக்கத்திலேயே போனுக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்த என் கணவரும் நலம். அதற்குப் பிறகு நாங்கள் ஆடிய ஆட்டத்தைச் சொன்னால் வெட்கம். கையைக் கோத்துக்கொண்டு சமையலறையில் சுற்றினோம். அவள் காப்பி போட்டாள். பிள்ளைகள் இடியாப்பத்தில் சர்க்கரையைக் கொட்டிக்கொண்டு தின்றன. சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது.

அக்கா மட்டும் கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கொஞ்சநேரம் கழித்து என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"அப்ப, அந்த ரெண்டு பேரும் எந்த வீட்டுக்குப் போனவை?"

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. தொடர்பைத் திறந்துவிட்டார்கள் என்றால் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிட்டார்கள். நாங்கள் வந்த அதே காலையில் வேறெங்கோ ஒரு கதவைத் தட்டியிருக்கிறார்கள். அங்கே கோட்டைக் கழற்றி எறிந்து 'நான்தான்' என்று கத்த ஒருவரும் இருந்திருக்கமாட்டார்கள். அக்கா என்ன சொன்னார் என்று தோழி கேட்டாள். தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் கையிலிருந்த காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா தானாகவே சொன்னார்.

"எங்கட கரையிலயும் இப்பிடித்தான் பிள்ளை. சடலம் ஒண்டு ஒதுங்கியிருக்கு எண்டு ஓடிப்போய்ப் பாத்தம். என்ர மனுசன் இல்லை. அந்த இடத்திலேயே கையெடுத்து மாதாவைக் கும்பிட்டன். திரும்பினா, பக்கத்து வீட்டுக்காரி மண்ணிலை கிடக்கிறா. அவவுக்கு முன்னாலதான் நான் கும்பிட்டனான்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பேந்து ஒருநாள் என்ர மனுசனும் வராமப்போன நேரம், எனக்கு வாயில தண்ணி பருக்கினது அவதான்" என்றார்.

இறந்தவரின் வீடு மாண்ட்ரியலுக்கு வடக்கே லவாலில் இருந்தது. அந்தப் பெண்ணை எங்கள் யாருக்கும் பழக்கமில்லை. அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து, தோழியின் காரில் மூவரும் போனோம். அக்கா மறுபடியும் அதே தூக்குச்சட்டியில் சொதி கொண்டுவந்தார். இந்த முறை பக்கவாட்டுக் கதவுக்குப் போய், எங்கள் பெயர்களைச் சொல்லிக் குரல் கொடுத்தோம். என் வயதுதான் இருக்கும் அவளுக்கு. சட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். சூடாக இருந்தும் கீழே வைக்கவில்லை. "இனி முன்கதவு வழியாகவே வரலாம்" என்றாள் பிரெஞ்சில். அதைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு எனக்குப் பிரெஞ்சு தெரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

என் கணவர் வசந்தத்தில் திரும்பி வந்தார். பிறகு வேலையை விட்டார். இப்போது நகரத்தில் ஒரு பட்டறையில் இருக்கிறார். நடுராத்திரி சில சமயம் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர அவருக்கு ஒரு குறையும் இல்லை. நானும் சாமி கும்பிடுவதை விடவில்லை. ஆனால் "வேற யாரா வேணும்னாலும்" என்ற வார்த்தை மட்டும் அன்றிலிருந்து என் வாயில் வருவதில்லை. அந்த வேறு யாரோ ஒருத்தி, சூடான சட்டியைக் கையில் பிடித்தபடி, லவாலில் ஒரு வாசலில் நிற்பதை நான் பார்த்துவிட்டேன்.