காசியின் பெயருக்கு நேரே என் கட்டைவிரல்

கள்ளக் கைநாட்டு வைத்தவன் நான். பேச்சிழந்து கிடந்த என் சிநேகிதன் காசி சம்மதித்தான் என்று காட்டுவதற்காக, அவன் பெயருக்கு நேரே என் கட்டைவிரலை அழுத்தினேன்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் என்னை அறியாதவர் என்கிற ஒரே தைரியத்தில் உங்களிடம் சொல்கிறேன்.

பத்து வருடம் ஆகிறது. நயா பைசா புழக்கத்துக்கு வந்த புதிது. வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நான் வார்டு குமாஸ்தா. பக்கவாதத்துக்கென்று ஒரு புது மருந்து கப்பலில் வந்திருந்தது. ஐஸ் பெட்டிக்குள் விரல் நீளக் குப்பிகள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைத்த கட்டியை அது கரைத்துவிடும் என்றார்கள். ஆனால் வாதம் விழுந்த சில மணி நேரத்துக்குள் ஏற்றியாக வேண்டும்.

அது குணமாகுமா என்று பார்க்கும் கட்டம்கூட அல்ல... எவ்வளவு ஏற்றினால் உடம்பு தாங்குகிறது என்று, ஆளுக்கு ஆள் அளவைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது எனக்குத் தெரியும். ஏற்றிக்கொண்டவர்களில் ஒருவர் தலைக்குள் ரத்தம் கசிந்து இறந்துபோனதும் எனக்குத் தெரியும். அவருடைய காகிதங்களைக் கட்டி அலமாரியில் வைத்தவனே நான்தானே!

சம்மதத் தாளைத் தமிழில் படித்துக் காட்டிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவது என் வேலை. நோயாளி வைக்க வேண்டும். முடியாவிட்டால் மனைவியோ பிள்ளையோ வைக்க வேண்டும். பெரிய டாக்டர் அதில் வெகு கறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஒரு முற்பகலில், ஆம்பூரிலிருந்து டேனரி லாரியில் காசியைக் கொண்டுவந்து இறக்கினார்கள். நானும் அவனும் அங்கே ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். நான் நாலெழுத்துப் படித்து ஆஸ்பத்திரிக்கு வந்தேன். அவன் தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழிக்குப் போனான். குழியோரம் தோல் புரட்டிக்கொண்டு நின்றவன் அப்படியே சாய்ந்துவிட்டானாம். வலது பக்கம் விழுந்திருந்தது, பேச்சும் போயிருந்தது. ஆனால் நினைவு தப்பவில்லை. என்னைக் கண்டதும் அவன் முகத்தில் ஒரு பாதி மலர்ந்தது. நம்ம ஆள் ஒருவன் இருக்கிறான், இனிப் பயமில்லை என்கிற மலர்ச்சி... அதை நான் பார்த்தேன்.

முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தம் கலந்திருக்கவில்லை; ஆகவே கட்டிதான் என்று முடிவு செய்தார்கள். அவன் மனைவி முனியம்மா பிறகுதான் சேதி கேட்டு, பக்கத்துக் காட்பாடி ஸ்டேஷனுக்குப் பாசஞ்சர் ரயிலில் வந்துகொண்டிருந்தாள். அவளுக்காகக் காத்திருந்தால் நேரம் தப்பலாம், தப்பாமலும் போகலாம். சின்ன டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தவித்துக்கொண்டிருந்தார்.

நான் தாளைப் படித்தேன். எல்லா வரிகளையும் படித்தேனா? இல்லை. ரத்தம் கசியலாம், உயிருக்கே ஆபத்து நேரலாம் என்ற வரியை அப்படியே விழுங்கிவிட்டேன்.

"இது உன்ன எழுப்பி உக்கார வச்சிடும்டா. நான் இருக்கேன் இல்ல," என்றேன்.

அவன் இடது கையைப் பிடித்து மைப்பெட்டிக்குக் கொண்டுபோனேன். இழுத்துக்கொண்டான். மறுபடி பிடித்தேன். மறுபடியும் இழுத்துக்கொண்டு வாசலைக் காட்டினான். பிறகு அதே விரலால் தன் கழுத்தைச் சுற்றி, தாலி தொங்குகிற மாதிரி ஒரு கோடு இழுத்தான்.

அவள் வரட்டும் என்கிறான்! எனக்குப் புரியவில்லை என்று உங்களிடம் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். புரிந்தது ஐயா, நன்றாகவே புரிந்தது.

பின் ஏன் செய்தேன்? அவன் பிழைக்க வேண்டும் என்றுதான்... இப்படித்தான் எனக்கு நானே வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மை. மீதி என்ன தெரியுமா? பத்துப் பதினைந்து நாளாகத் தகுந்த நோயாளி ஒருவரும் வரவில்லை. சம்மதம் வாங்குவதில் இவரை மிஞ்ச ஆளில்லை என்று சின்ன டாக்டர் நர்சுகள் எதிரில் என்னைப் புகழ்ந்திருந்தார். அந்தப் புகழ்ச்சியை இழக்க எனக்கு மனம் வரவில்லை. இவ்வளவு அற்பமான காரணம்!

திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் வந்து என் கட்டைவிரலை வைத்தேன். சின்ன டாக்டர் தாளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு மருந்தை ஏற்றினார். முன்பு யாருக்கும் கொடுக்காத அளவு அது. ஊசி ஏறுகிறபோது காசி டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். சற்று முன் மலர்ந்த முகம்தான் அது. நான் தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

முனியம்மா வந்து சேர்ந்தபோது அவன் வாந்தியெடுத்து நினைவிழந்திருந்தான். அவரே சம்மதித்து வைத்ததம்மா என்று சின்ன டாக்டர் ஆறுதலாகச் சொல்லி, தாளை அவளிடம் காட்டினார். படிக்கத் தெரியாதவள். அந்தக் கைநாட்டை மட்டும் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வருடக்கணக்காகச் சுண்ணாம்புக் குழியில் கைவிட்டவன் விரலில் ரேகை ஏது! தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருக்கும். காசி எங்கே கைநாட்டு வைத்தாலும் வெறும் மைத்திட்டுதான் விழும். டேனரி ஆபீசில் அதைச் சொல்லியே அவனைக் கேலி செய்வார்கள். ஆம்பூரில் பிறந்த எனக்கு இது தெரியாதா? தாளும் பேனாவும் பிடித்துப் பிடித்து மறந்துபோயிருந்தேன். தாளில் என் ரேகை சுழிசுழியாக, துல்லியமாக விழுந்திருந்தது.

அவள் நிமிர்ந்து என் கையைப் பார்த்தாள். கட்டைவிரலில் மை இருந்தது. டாக்டரிடம், "சரிங்க," என்று மட்டும் சொன்னாள்.

வராந்தாவில் அவள் பின்னால் போனேன். ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன். மன்னித்துவிட்டாள் என்ற நப்பாசை எனக்கு!

"சொல்லிட்டு இன்னா பண்றதுண்ணா? அவரு இன்னும் உங்க கையிலதான இருக்காரு."

மறுநாள் காலை காசி இறந்தான். தலைக்குள் ரத்தம் என்றார்கள். மருந்தா, விதியா... அதைத் தீர்மானிக்கிற அறிவு எனக்கில்லை.

உடலை ஏற்றிக்கொண்டு போக அதே லாரி வந்தது. அதுவரை அவள் அழவில்லை. ஏறப்போனவள் திரும்பி என்னிடம் வந்தாள்.

"நான் வர்றதுக்கு முன்னால என்னத் தேடினாராண்ணா?"

ஆமாம் என்றால் என்ன ஆகும் என்று யோசித்தேன். நினைவோடு இருந்தான், உனக்காகக் காத்திருக்கச் சொன்னான், நான் விடவில்லை என்று எல்லாமே வெளியே வந்துவிடும். நினைவே இல்லை என்றால், நான் வைத்த கைநாட்டுக்கும் ஒரு நியாயம் கிடைக்கும். அந்த நேரத்திலும் என் மூளை இப்படித்தான் ஓடிற்று.

"இல்லம்மா. யாரையும் தேடல. நெனவே இல்ல," என்றேன்.

அவள் அதை நம்பினாள். புருஷன் செத்ததற்கு அழாதவள், அப்போது அழுதாள். லாரியின் பக்கப்பலகையைப் பிடித்துக்கொண்டு, நிற்க முடியாமல் அழுதாள். லாரி போய்விட்டது.

முனியம்மா இன்றும் ஆம்பூரில்தான் இருக்கிறாள். பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம். உன்னைத்தான் தேடினான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வர, நான் இன்னும் போகவில்லை.