அகனேத்தா போடாத கையெழுத்து

டீட்ரிக் பான்மன் தம்பியின் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டான். அவன் தொண்டையைச் செருமினால் பின்னாலேயே ஒரு பொய் வரும் என்பது இருபது வருடக் குடித்தனத்தில் அகனேத்தா கற்றுக்கொண்ட பாடம்.

"பொலிவியாவுக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம். நாலே மாசம். இசாக் எப்படி இருக்கான்னு பார்த்துட்டுத் திரும்பிடலாம்."

நூடுல்ஸுக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "தம்பியைப் பார்க்க அஞ்சு பிள்ளைங்களும் வரணுமா?"

"பின்ன, அதுங்களை யார்கிட்ட விடறது?"

"என்கிட்ட விடுங்க. நீங்க மட்டும் போயிட்டு வாங்க."

"உனக்கு எதுலயும் குதர்க்கம்."

அவளுக்கு இந்த நாலு மாதம் புதிதில்லை. மெக்சிகோவின் துராங்கோவில் பிறந்தவளை ஆறு வயதில் அவள் அப்பா, "சும்மா பார்த்துட்டு வரலாம்" என்று சொல்லித்தான் வடக்கே இந்தச் சிவாவாவுக்கு வண்டியேற்றினார். பிறந்த வீட்டை அவள் அதன்பிறகு பார்க்கவே இல்லை. பத்தொன்பதில் கல்யாணம். மூன்றாம் மாதமே டீட்ரிக், "ரெண்டு மாசம்" என்று சொல்லி பொலிவியாவுக்குக் கூட்டிப் போனான். அது ஆறு வருடம் ஆனது. அங்கே இரண்டு குழந்தைகள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தன. இரண்டாவது குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தபோது டாக்டர் அவளைப் பார்த்து நீளமாக என்னவோ சொன்னார். "சரியாயிடும்னு சொல்றார்" என்றான் டீட்ரிக். பொழுது சாய்வதற்குள் குழந்தை செத்துவிட்டது. டாக்டர் உண்மையில் என்ன சொன்னார் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

எங்கள் சபைக்காரர்கள் வீட்டில் பேசுவது தாத்தா காலத்து ஜெர்மன்; வெளியே ஊர் பேசும் ஸ்பானிஷை எங்கள் பெண்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. சந்தைக்குப் போகிறவர்கள் ஆண்கள், அவர்களுக்குத் தெரிந்தால் போதும் என்று வைத்திருக்கிறோம். நல்ல ஏற்பாடுதான், ஆண்களுக்கு! மெக்சிகோவுக்குத் திரும்பி வந்த பிறகு, முட்டை வாங்க வரும் லூப்பேயிடம் அகனேத்தா வாரத்துக்குப் பத்துச் சொல்லாக அந்த மொழியை வாங்கிக்கொண்டாள். வீட்டில் மூச்சுவிடவில்லை.

டீட்ரிக்குக்கு அவனுடைய நியாயம் இருந்தது. பக்கத்து ஊரில் எங்கள் ஆட்களே பிக்கப் வண்டி ஓட்டத் தொடங்கிவிட்டார்கள், அவர்கள் பையன்கள் கையில் போன். "போன் கைக்கு வந்துட்டா அவன் அப்புறம் நம்ம பையன் இல்ல" என்பான். இசாக்கின் ஊரில் இன்னும் டிராக்டருக்கு இரும்புச் சக்கரம்தான்; ரப்பர் டயர் இருந்தால் பையன்கள் அதை ஓட்டிக்கொண்டு டவுனுக்குப் போய்விடுவார்கள் என்று சபை தடை போட்டிருக்கிறது. அந்த இரும்புச் சக்கரத்தைத் தேடி இவர்கள் விமானத்தில் பறந்து போக வேண்டும். விமானத்தை ஓட்டுவது நம் ஆளில்லை என்பதால் அதில் பாவம் ஒட்டாது.

அகனேத்தா மசியாததைப் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காப்பி நேரத்தில் அவன் வேறு தூண்டில் போட்டான்.

"அந்த ரெண்டு குழந்தைங்களைப் புதைச்ச இடத்தைப் பார்க்க உனக்கு ஆசையே இல்லையா?"

அந்த நிமிடம் அவள் அவனை வெறுத்தாள். எங்கள் இடுகாட்டில் பெயர் பொறித்த கல் வைக்கும் வழக்கம் கிடையாது.

"எந்த இடம்னு சொல்லுங்க. இப்பவே கிளம்பறேன்."

"வேலியோரமா."

"எந்த வேலி? நாலு பக்கமும்தான் வேலி."

அவன் ரொட்டியைக் கடித்தான். மூத்தவள் யுஸ்தினாதான் குறுக்கே வந்தாள். அவளுக்குப் பதினேழு வயது. ஞாயிறு மாலைகளில் அவளோடு உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்த ஃப்ரீசன் வீட்டுப் பையன் வசந்தகாலத்தில் குடும்பத்தோடு பொலிவியா போய்விட்டான்.

"அப்பாவை ஏம்மா இப்படிப் போட்டுக் குத்தறே? எனக்குப் போகணும்."

"நீ சும்மா இருடி. உனக்கு அங்க யாரைப் பார்க்கணும்னு ஊருக்கே தெரியும்."

மறுவாரம் காலையில் பால் கறந்துகொண்டிருந்தபோது அயலூர்க்காரன் ஒருவன் தொழுவத்துக்குள் நுழைந்து, அவளுடைய மாடுகளின் பல்லைப் பிடித்துப் பார்த்தான். பதினான்கையும் டீட்ரிக்கிடம் விலை பேசி முடித்துவிட்டதாகச் சொன்னான். நாலு மாதத்தில் திரும்பி வருகிறவன் கறவையை விற்பானா? அகனேத்தா வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பாஸ்போர்ட் வாங்க ரமீரோவின் வாடகை வேனில் ஏழு பேரும் நகரத்துக்குப் போனார்கள். கண்ணாடி போட்ட இளம் பெண் ஒருத்தி காகிதங்களைச் சரிபார்த்தாள். பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் தர அப்பா அம்மா இரண்டு பேரும் ஒப்ப வேண்டும் என்பது சட்டம். அவள் டீட்ரிக்கை விட்டுவிட்டு அகனேத்தாவைப் பார்த்தாள்.

"அம்மா, இந்த அஞ்சு பிள்ளைங்களும் நாட்டை விட்டுப் போறதுக்கு உங்களுக்குச் சம்மதமா?"

டீட்ரிக் தொண்டையைச் செருமினான். "உனக்குப் பேர் எழுதத் தெரியுமான்னு கேக்கறாங்க. தலையாட்டு."

அகனேத்தா தலையாட்டவில்லை. தட்டுத் தடுமாறி, ஸ்பானிஷில் சொன்னாள்: "சம்மதம் இல்லை. இவர் திரும்பி வரமாட்டார். மாட்டையெல்லாம் வித்துட்டார்."

அந்தப் பெண் பேனாவை மூடினாள். டீட்ரிக்கின் முகத்தில் ஈயாடவில்லை. ரமீரோ வீடு வரும்வரை பின்பார்வைக் கண்ணாடியில் அகனேத்தாவையே பார்த்துக்கொண்டு வண்டியோட்டினான்.

இரண்டாம் நாள் போதகர் வந்தார். தொப்பியைக் கழற்றாமலே பேசினார்.

"புருஷனுக்குக் கீழ்ப்படியணும்னு உனக்குத் தெரியாதா?"

"புருஷன் பொய் சொன்னா, ஐயா?"

"பொய் அவன் பாவம். குடும்பத்தை அரசாங்கத்துக்காரங்க முன்னாடி காட்டிக்கொடுத்தது உன் பாவம். சபையில நின்னு மன்னிப்புக் கேக்கணும்."

"கேக்கறேன். கையெழுத்து மட்டும் போட மாட்டேன்."

கேட்கவும் செய்தாள். அன்றிலிருந்து தெருவில் பெண்கள் அவளைக் கண்டால் வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். டீட்ரிக் அவளோடு பேசுவதை நிறுத்தினான். உப்பு வேண்டுமென்றால்கூடக் கடைக்குட்டியிடம்தான் கேட்டான். யுஸ்தினா தட்டை மேசையில் வைக்கும்போதெல்லாம் உடைகிற மாதிரி வைத்தாள். பரவாயில்லை என்றிருந்தது அகனேத்தாவுக்கு. பிள்ளைகள் ஐந்தும் வீட்டில் இருந்தன. டீட்ரிக் தனியாகக் கிளம்பாமல் நவம்பர்வரை இழுத்தடித்ததைப் பார்த்து, மனிதன் இறங்கி வந்துவிட்டான் என்றே நினைத்துக்கொண்டாள். அதில் ஏமாந்தாள்.

நவம்பர் ஒன்பதாம் தேதி யுஸ்தினாவுக்குப் பிறந்தநாள். மறுநாள் காலையில் அவள் ஞாயிற்றுக்கிழமைக் கவுனைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தாள். வாசலில் ரமீரோவின் வேன் நின்றது. டீட்ரிக் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தான்.

"எங்கடி கிளம்பிட்டே?"

"பாஸ்போர்ட் ஆபீசுக்கு. எனக்குப் பதினெட்டு ஆயிடுச்சு. இனிமே நானே கையெழுத்துப் போட்டுக்கலாம்."

அகனேத்தாவுக்கு மகளை அறைய வேண்டும்போல இருந்தது, கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"திரும்பி வருவியா?"

யுஸ்தினா தலைத்துணியின் முடிச்சை இறுக்கினாள்.

"அப்பா மாதிரி உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன்மா. வரமாட்டேன்."