குடும்பப் பெயர் என்ன?

கடந்த ஜூலை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்று நாற்பது. ஒஸ்லோவில், குரோருட்டில் உள்ள எங்கள் வீட்டுக் குசினியில் நின்று கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகளுக்குக் காலையில் அனுப்பிய செய்திக்குப் பக்கத்தில் இன்னமும் ஒற்றைச் சரி அடையாளம்தான் நின்றது. எல்லாம் பிழையாகிப் போகத் தொடங்கியது அந்த நேரத்தில்தான் என்று அன்று நினைத்தேன். உண்மையில் முதல் நாள் மாலையே தொடங்கிவிட்டது. எனக்குத்தான் தெரியவில்லை.

மகளுக்கு அப்போது பத்தொன்பது வயது. பள்ளிப் படிப்பை முடித்த கையோடு, முதுகில் ஒரு பையைப் போட்டுக்கொண்டு, ரயிலில் தனியாக ஐரோப்பா சுற்றப் போனாள். பெர்லின், பிராக், புடாபெஸ்ட், அதற்கப்பால் இன்னும் சில நகரங்கள். தங்குவது ஹொஸ்டல்களில். முன்பின் தெரியாத எட்டுப் பேர் ஒரே அறையில், அடுக்குக் கட்டில்களில் படுப்பார்கள்.

எனக்குத் துளியும் விருப்பமில்லை. நானும் அந்த நகரங்களைக் கடந்து வந்தவன்தான். இருபத்திரண்டு வயதில், களவாக ஆட்களை அனுப்பும் ஏஜென்சிக்காரன் சொன்ன இடத்தில் ஏறி, சொன்ன இடத்தில் இறங்கி, பன்னிரண்டு பேர் ஒரு அறையில் படுத்து, கதவு தட்டப்பட்டால் மூச்சை அடக்கிக்கொண்டு வந்தேன். அதே மாதிரியான ஓர் அறையில் போய் ஆசையோடு படுக்கிறேன் என்று பிள்ளை சொன்னபோது எனக்கு விளங்கவேயில்லை. நான் புறுபுறுக்க, அவள் சிரித்தாள்.

"அப்பா, ஸ்லாப் ஆவ்! அது வேறை, இது வேறை. என்னட்டைப் பாஸ்போட் இருக்கு, உங்களிட்டை இருக்கேல்லை."

'ஸ்லாப் ஆவ்' என்றால் கொஞ்சம் ஆறுதலாக இருங்கள் என்று அர்த்தம். இங்கே பிறந்த பிள்ளைகள் பெற்றோரைப் பார்த்து ஒரு நாளில் பத்துத் தடவை சொல்லும் நோர்வேஜியச் சொல்.

கடைசியில் ஒரே ஒரு நிபந்தனையோடு விட்டேன். தினமும் காலை பத்து மணிக்கு முன் ஒரு செய்தி வர வேண்டும். பத்து நாட்களாக ஒரு நாளும் தவறவில்லை. சனிக்கிழமை மாலை புடாபெஸ்டிலிருந்து எழுதியிருந்தாள். "வயித்துக்குள்ளை ஒரு மாதிரிக் கிடக்கு அப்பா. படுக்கப் போறன். நாளைக்கு எழுதுறன்."

நான் பதில் போட்டேன். "கண்ட கண்ட கடையிலை சாப்பிட்டா அப்பிடித்தான். சுடுதண்ணி குடி."

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நான் ஒரு வைத்தியசாலையில் இருபது வருடங்களாகத் தாதியாக வேலை செய்கிறவன். ஒரு நோயாளி வயிறு சரியில்லை என்றால் எந்தப் பக்கம் நோகிறது, காய்ச்சல் இருக்கிறதா, வாந்தி வந்ததா என்று கேட்காமல் நகர மாட்டேன். சொந்தப் பிள்ளைக்கு இரண்டு வரியில் புத்தி சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தேன்.

ஞாயிறு ஒரு மணிக்கு மேல் பொறுக்க முடியவில்லை. அவள் தந்திருந்த ஹொஸ்டல் இலக்கத்துக்கு எடுத்தேன். ஓர் இளம் பெண் ஆங்கிலத்தில் கதைத்தாள். தங்கியிருப்பவர்களைப் பற்றிப் பொதுவாகச் சொல்வதில்லை, ஆனால் தகப்பன் என்கிறபடியால் பார்க்கிறேன் என்றாள். பெயர் கேட்டாள். சொன்னேன். குடும்பப் பெயர் கேட்டாள். சொன்னேன். எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். சற்று நேரம் தட்டச்சுச் சத்தம் கேட்டது. அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்றாள். நேற்றும் இல்லை, முந்தநாளும் இல்லை. இன்னொரு முறை பார்க்கச் சொன்னேன். பொறுமையாகப் பார்த்தாள். இல்லை. நான் நன்றி வேறு சொல்லிவிட்டு வைத்தேன்.

மனைவியிடம் சொன்னபோது அவள் கோப்பை கழுவிக்கொண்டு நின்றாள். திரும்பிப் பார்க்காமலே, "அங்கை இல்லையெண்டா வேறை எங்கை? அவள் சொன்ன இடத்திலைதான் நிப்பாள்" என்றாள்.

அந்த நேரம் பார்த்து ஹவுகன்ஸ்டுவாவில் இருக்கும் மனைவியின் தம்பி வந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் தேத்தண்ணி குடிக்க வருகிறவன். கெட்டவன் இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம். விசயத்தைக் கேட்டதும் கதிரையில் சாய்ந்துகொண்டான்.

"அத்தான், இந்த வயசுப் பிள்ளையளுக்கு ஹொஸ்டல் எண்டுறது ஒரு சாட்டு. இண்டைக்கு ஹொஸ்டல் எண்டுவினம், நாளைக்கு ஒருத்தனைக் கூட்டிக்கொண்டு வந்து நிப்பினம்."

"நீ வாயை மூடு. என்ர பிள்ளை புளுகமாட்டாள்" என்றாள் மனைவி.

"எல்லாத் தாய்மாரும் சொல்லுறதுதானே அக்கா. அத்தான் ஆஸ்பத்திரியிலை ஊர் உலகத்தையே பாக்கிறார், வீட்டிலை இருக்கிறதைப் பாக்கத் தெரியேல்லை."

"உனக்குப் பொம்பிளைப் பிள்ளை இல்லை. அதுதான் இந்தக் கதை கதைக்கிறாய்!"

மனைவி பொலிசுக்கு அறிவிக்கச் சொன்னாள். எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. ஆனால் மச்சான், "பொலிசுக்குப் போன் அடிச்சா நாளைக்குக் கோயிலிலை இதுதான் கதை" என்றதும் நான் தொலைபேசியைக் கீழே வைத்தேன். அவன் என்னைத் தடுக்கவில்லை. எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, அவன் எடுத்துத் தந்தான். அவ்வளவுதான்.

மூன்று இருபத்தைந்துக்கு, மாடத்தில் தனியாக நின்று மகளுக்கு ஒரு செய்தி எழுதினேன். முழுவதையும் இங்கே எழுத எனக்குத் தைரியம் இல்லை. நீ அந்த ஹொஸ்டலில் இல்லை என்பது எனக்குத் தெரியும், நீ எங்களுக்குப் பொய் சொல்லிவிட்டாய், உன்னைப் பெற்றதற்கு வெட்கப்படுகிறேன். இவ்வளவும் அதில் இருந்தது. அனுப்பினேன். அதற்கும் ஒற்றைச் சரிதான் விழுந்தது.

மச்சான் போய்விட்டான். நான் வரவேற்பறைக்கும் குசினிக்கும் இடையில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு முறை பயமாக இருக்கும், மறுமுறை கோபமாக இருக்கும். கோபம் வரும்போதுதான் கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது. அதனால் கோபத்தையே பிடித்துக்கொண்டேன்.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும். கதிரையில் அசையாமல் இருந்த மனைவி திடீரென்று கேட்டாள்.

"அந்தப் பெட்டையிட்டை என்ன பேர் சொன்னனீங்கள்?"

சொன்னேன்.

"அது வீட்டுப் பேரெல்லே! பாஸ்போட்டிலை அதோ கிடக்கு?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"பின்னாலை என்ன பேர் குடுத்தனீங்கள்?"

"குடும்பப் பேர் கேட்டவள். என்ர அப்பான்ர பேரைச் சொன்னனான்."

மனைவி தலையில் கை வைத்தாள்.

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பனின் பெயர்தான் பின்னால் வரும். நான் நோர்வேக்கு வந்து பதிவு செய்தபோது என் அப்பாவின் பெயர் குடும்பப் பெயர் ஆனது. மகள் பிறந்தபோது என் பெயர் அவளுடைய குடும்பப் பெயர் ஆனது. மனைவிக்கு அவளுடைய அப்பாவின் பெயர். ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர்கள். மகளுக்கு நட்சத்திரத்துக்குரிய எழுத்தில் தொடங்கும் ஒரு நீண்ட பெயர் கடவுச்சீட்டில் உண்டு. அதை நாங்கள் கூப்பிட்டதே இல்லை. பள்ளியில்கூட வீட்டில் கூப்பிடும் அந்த இரண்டெழுத்துப் பெயர்தான். இருபத்தைந்து வருடங்களாக யார் குடும்பப் பெயர் கேட்டாலும் என் வாயில் என் அப்பாவின் பெயர்தான் வரும். அன்றும் அதுதான் வந்தது.

வேலையில் பெயரையும் பிறந்த திகதியையும் சரிபார்க்காமல் ஒருவருக்கும் ஒரு மாத்திரைகூடக் கொடுத்தது கிடையாது. அன்று பிறந்த திகதியைச் சொல்லவில்லை. நோர்வேயிலிருந்து வந்த பிள்ளை, கறுப்புத் தலைமயிர், மண்ணிறத் தோல் என்று ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை.

மனைவி அதே இலக்கத்துக்கு எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு, கடவுச்சீட்டில் உள்ளபடி பெயரைச் சொன்னாள். தட்டச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. ஓம், இருக்கிறாள், மூன்றாம் மாடி என்றாள் அதே பெண். போய்ப் பார்க்கச் சொன்னாள் மனைவி. இணைப்பைத் துண்டிக்காமல் அந்தப் பெண் படியேறினாள். செருப்புச் சத்தம், கதவு தட்டும் சத்தம், கதவு திறக்கும் சத்தம். பிறகு ஒரு திரையை இழுக்கிற சத்தம். பிறகு அவள் எங்களை மறந்து, எங்களுக்குத் தெரியாத மொழியில் யாரையோ கூப்பிட்டுக் கத்தினாள்.

குடல்வால் வெடித்துவிட்டிருந்தது. சீழ் வயிறெங்கும் பரவியிருந்தது. அன்று இரவே அறுவைச் சிகிச்சை செய்தார்கள். இன்னும் சில மணித்தியாலங்கள் போயிருந்தால் தங்களால் ஒன்றும் செய்ய முடியாமல் போயிருக்கும் என்று வைத்தியர் தொலைபேசியில் சொன்னார். அவர் சொல்லவே தேவையில்லை. அந்த ஒவ்வொரு மணித்தியாலமும் உடம்புக்குள் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். தெரியாத ஒரு தகப்பனாக இருந்திருக்கலாம் என்று எத்தனையோ முறை நினைத்துவிட்டேன்.

அந்த ஹொஸ்டல் கட்டில்களுக்குத் திரை உண்டு. கூட இருந்தவர்கள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த நகரத்துக்குப் போய்விட்டார்கள். மூடிய திரைக்குள் யாரோ தூங்குகிறார் என்று நினைத்திருப்பார்கள். கதவு திறந்து மூடுவது அவளுக்குக் கேட்டிருக்கிறது. கூப்பிடக் குரல் வரவில்லை. தொலைபேசி மின்சாரம் தீர்ந்து கட்டிலுக்கு அடியில் விழுந்து கிடந்தது. நான் அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தோடு ஒரு மணிக்குக் கதைத்தேன். அவளைப் பார்க்க மேலே ஆள் ஏறியது ஆறு மணிக்கு.

மறுநாள் காலை மனைவி புறப்பட்டாள். என் கடவுச்சீட்டு காலாவதியாகி, புதியதுக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்த நேரம் அது. நான் வீட்டில் தனியாக நின்றேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம்தான் நான் அனுப்பிய செய்தி நினைவுக்கு வந்தது. அதுவரைக்கும், சொன்னால் நம்ப மாட்டீர்கள், அப்படி ஒன்றை எழுதியதே மறந்துபோயிருந்தது. பதறிக்கொண்டு திறந்தேன், அழித்துவிட வேண்டும் என்று. இரண்டு நீலச் சரிகள் நின்றன. மனைவி அவளுடைய தொலைபேசியை மின்னேற்றிக் கையில் கொடுத்திருக்கிறாள். வயிற்றில் குழாயோடு படுத்திருந்த பிள்ளை கண் விழித்து முதலில் வாசித்தது அதைத்தான்.

அவள் ஒன்றும் எழுதவில்லை. ஒவ்வொரு நாளும் மனைவி கூப்பிடும்போது, "அப்பாவோடை கதைக்கிறியோ?" என்று பக்கத்தில் கேட்பது எனக்குக் கேட்கும். "சேனெரே" என்பாள். பிறகு பார்ப்போம் என்று அர்த்தம். ஒன்பது நாளும் அதே சொல். மச்சான் ஒரு நாள் வந்தான். "அத்தான், நான் சும்மா பகிடிக்குத்தான்..." என்று தொடங்கி, முடிக்காமல் அழுதான். அவனை ஏச எனக்கு வாய் வரவில்லை. அவன் வாயால் சொன்னான். கையால் எழுதியவன் நான்.

மகள் இப்போது பேர்கனில் படிக்கிறாள். உடம்பு தேறிவிட்டது. என்னோடு கதைக்கிறாள், சிரிக்கிறாள். ஆனாலும் நான் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள்ளிருந்து இன்னும் வெளியே வரவில்லை. பெயரைப் பிழையாகச் சொன்னதை யாரும் மன்னிப்பார்கள். பதற்றத்தில் எவருக்கும் நடக்கும். என்னால் தாங்க முடியாதது வேறு. யாரோ ஒரு பெண் 'இல்லை' என்று சொன்னபோது, நான் சொன்ன பெயர் பிழையாக இருக்குமோ என்று ஒரு கணம்கூட எனக்குத் தோன்றவில்லை. பிள்ளை பிழை என்றுதான் தோன்றியது. பத்தொன்பது வருடம் வளர்த்த பிள்ளையைச் சந்தேகிக்க எனக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

அன்று, மனைவி போன பத்தாம் நாள், கார்டெர்மோன் விமான நிலையத்தில் காத்து நின்றேன். சொல்ல வேண்டியதைப் பல முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். கண்ணாடிக் கதவு திறந்தது. மனைவி சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அதில் இருந்த பிள்ளையின் முகம் பாதியாகிப் போயிருந்தது. நான் கிட்டப் போய்க் குனிந்தேன்.  நான் வாய் திறக்க முன் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, மெல்லச் சொன்னாள்.

"அப்பா, நான் பொய் சொல்லேல்லை."