இரண்டு நிமிடக் கதையும் இருபதடி ஃப்ளெக்ஸும்

போன வருடம் மே மாதம், சென்னையிலிருந்து திருமயம் பக்கத்திலுள்ள அத்தானின் ஊருக்குக் காரில் போனோம். அக்கா மகள் எட்டாம் வகுப்பு முடித்திருந்தாள். அவள் பெரியவளாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. விடுமுறையில் ஊரில் சடங்கு. தேதி குறித்த அன்றே அவள் ஒரு நிபந்தனை போட்டாள்: ரோட்டில் தன் படத்தோடு ஃப்ளெக்ஸ் வைக்கக் கூடாது. போனுக்குப் போன் தாவி அது பள்ளிக்கூடம் வரை வந்துவிடும் என்று பயந்தாள். வைக்க மாட்டார்கள் என்று அக்கா அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்த பிறகுதான் சம்மதித்தாள்.

அத்தான் ஓட்டினார். பக்கத்தில் அவருடைய அண்ணன், அவளுக்குப் பெரியப்பா. அக்கா, அவள், நான் மூன்று பேரும் பின்னால். அவள் தன் போனைக் கார் ஸ்பீக்கரில் இணைத்து, அவள் வயதுப் பிள்ளைகளுக்கான நாவல் ஒன்றின் ஒலிப்புத்தகத்தை ஓட விட்டாள். ஹாக்கி ஆடும் ஒரு பெண் தானே சொல்லும் கதை. பாட்டுப் போடச் சொல்லி முனகிக்கொண்டிருந்த பெரியப்பா, விழுப்புரம் தாண்டியதும், "அந்தக் கோச்சுப் பய சரியில்ல. கடைசில கவுத்து விட்ருவான் பாரு" என்றார். டீ குடிக்க நிறுத்தியபோது, "நான் வர்ற வரைக்கும் ஓட விட்ராதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்.

கீரனூரைக் கடக்கையில் கதையில் இறுதி ஆட்டம் தொடங்கியது. இடைவேளையில் அந்தப் பெண் தன் உடையில் ரத்தக்கறையைப் பார்க்கிறாள். முதல் முறை. யாரிடம் சொல்வதென்று தெரியாமல் நிற்கிறாள். அந்தக் கட்டம் இரண்டு நிமிடம்கூட ஓடியிருக்காது. பெரியப்பா கையை நீட்டிக் கதையை நிறுத்தினார்.

"ஆம்பளைக இருக்குற வண்டியில என்னத்தப் போடுறீங்க? வெக்கமா இல்ல?"

அக்கா உடனே மகள் பக்கம் திரும்பினாள். "ஒனக்கு வேற கதையே கெடைக்கலையாடி?"

ஏதோ அந்தக் கதையை அவளே எழுதிவிட்டதுபோல. அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

திருமயத்துக்குச் சற்று முன்னால், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, இருபதடி உயரத்தில் அவளே நின்றாள். படத்தில் தலைக்கு மேல் ஒரு கிரீடம். 'பூப்புனித நீராட்டு விழா' என்று பெரிய எழுத்து. கீழே கைகூப்பியபடியும் கறுப்புக் கண்ணாடி போட்டபடியும் ஆண்கள். எண்ணினேன், முப்பத்தொரு பேர். பெற்றவளின் படம் இல்லை. டீக்கடையில் நின்றவர்கள் ஃப்ளெக்ஸைப் பார்த்தார்கள், பிறகு எங்கள் காருக்குள் பார்த்தார்கள்.

"தம்பி, மெதுவாப் போப்பா. எப்புடி வந்துருக்கு பாரு!" என்று பெரியப்பா போனை எடுத்துப் படம் பிடித்தார். அவள் சீட்டிலிருந்து சரிந்து, கால் வைக்கும் இடத்தில் குறுகி உட்கார்ந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "வண்டிக்குள்ள அஞ்சு பேரு கேட்டா வெக்கம். ரோட்டுல போற பஸ்ஸெல்லாம் பாத்தா வெக்கம் இல்லையாங்க?"

"அது அசிங்கம். இது முறை. பேப்பர்ல வேல பாத்தா எல்லாத்துக்கும் நொள்ளை சொல்லணுமாக்கும்?"

அத்தான் ரோட்டையே பார்த்து ஓட்டினார். அக்கா என் தொடையில் கிள்ளினாள். கீழேயிருந்து அவள் கேட்டாள்: "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சித்தி?"

தெரியும். நான் ஒரு செய்தித்தாளில் பிழை திருத்துபவள். பத்து நாட்களுக்கு முன் பெரியப்பா அந்த டிசைனை வாட்ஸ்அப்பில் அனுப்பி, பிழை பார்த்துத் தரச் சொல்லியிருந்தார். மூன்று பிழைகளைத் திருத்தி அனுப்பினேன். அவள் போட்ட நிபந்தனை அப்போதே ஞாபகம் வந்தது. சொந்தத்துக்குள் சண்டை எதற்கு என்று விட்டுவிட்டேன்.

தலையாட்டினேன்.

சடங்கு நடந்தது. திரும்பும் வழியில் பெரியப்பா, "அந்த ஹாக்கிப் பிள்ள செயிச்சுச்சா ஆத்தா?" என்று ஆவலாகக் கேட்டார்.

"நீங்க நிறுத்துன எடத்துலயே நிக்குது, பெரியப்பா" என்று சொல்லிவிட்டு அவள் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள்.

"வாயப் பாரு!" என்று அவர் சிரித்தார். அவருக்கு ஒன்றுமே உறைக்கவில்லை.

அவர்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. ஆனால் அவரைத் திட்டத் தொடங்கும்போதெல்லாம், ஒரு பிழைகூட இல்லாத அந்த ஃப்ளெக்ஸ் கண்முன் வந்துவிடுகிறது. இப்போது அலுவலகத்தில் ஒரு சிறுமியின் படத்தோடு எந்தச் செய்திப் பக்கம் என் மேசைக்கு வந்தாலும், "இந்தப் பிள்ளையக் கேட்டீங்களா?" என்று விசாரித்த பிறகே எழுத்தைப் பார்க்கிறேன். பெரும்பாலும் கேட்கவில்லை என்றுதான் பதில் வருகிறது.