முந்தானையில் ஒரு முழம்

மலாய் நாட்டுப் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் கார்டு கிரிகரியின் மனைவி சாந்தமேரியை எல்லாருக்கும் தையல்காரியாகத்தான் தெரியும். எந்தத் துணியைக் கொடுத்தாலும் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாள். முன்பக்கம் மினுக்கும், பின்பக்கம்தான் உள்ளதைச் சொல்லும் என்பது அவள் கட்சி.

1934இல் நகரத்துச் சிறிய அருங்காட்சியகம் ஒன்றில், ஒரு சொங்கெட் துணிக்கு உள்துணி வைத்துத் தைக்க அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். மலாய்க்காரர்கள் பொன்னிழை கோத்து நெய்யும் பட்டு அது. கண்ணாடிப் பெட்டியில் அடங்காத நீளம் என்பதால், ஒரு கயிற்றுக்கு அப்பால் திறந்தபடியே தொங்கியது. அவள் கடைசித் தையலைப் போட்டுக்கொண்டிருந்தபோது கிள்ளான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து நாலு பெண்கள் உள்ளே வந்தார்கள். முன்னால் வந்த இராஜம்மா கயிற்றுக்கு மேலே கையை நீட்டி, துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துக் கசக்கினாள்.

“நல்ல பட்டுதான். என்ன வெலை சொல்றீங்கக்கா?”

வாசலில் காவல் நின்ற ஜாகா கத்திக்கொண்டே ஓடிவந்து நாலு பேரையும் வெளியே விரட்டினான். அருங்காட்சியகத் துரைக்கும் கோபம். தோட்டத்து ஆட்களுக்கு இனி இந்த அறை கிடையாது என்று அறிவிப்பு எழுதச் சொல்லிவிட்டார்.

சாந்தமேரிக்குச் சுருக்கென்றது. ஜவுளிக்கடையில் அவளும் அப்படித்தானே பார்க்கிறாள்? நேராக அருங்காட்சியகக் கிளார்க் சபாபதியிடம் போனாள். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், துரையிடம் இங்கிலீஷில் எடுத்துச் சொல்லக்கூடியவர்.

“போர்டு மாட்டாதீங்கய்யா. நான் நின்னு சொல்றேன். பக்குவமா சொன்னா கேப்பாங்க.”

சபாபதி உள்ளே போய்த் திரும்பி வந்தார். “ஒரு நாள் பாப்பம் எண்டு சொல்லுறார், அம்மா. தைப்பூசத்துக்கு அடுத்த நாள். ஒருத்தற்ற விரல் பட்டாலும் அறிவித்தல் ஏறும். சம்பளமும் ஒண்டும் இல்லை, கண்டியளோ.”

வீட்டில் கிரிகரி சிரித்தார். “சம்பளமில்லாத வேலை வீட்லயே நெறைய கெடக்கே. அது பத்தலையா ஒனக்கு?”

“இங்க நான் சொல்றத யாரு கேக்குறா? அங்கயாவது கேப்பாங்க.”

சொல்லிக்கொண்டே டிரங்குப் பெட்டியைத் திறந்து, கல்யாணச் சேலையை எடுத்து, முந்தானையில் ஒரு முழம் கத்தரித்தாள்.

“ஏய், கல்யாணச் சேலடி!”

“பூச்சி அரிச்சது போக மிச்சம். நான் என்ன மறுபடியும் கட்டிக்கப் போறேனா?”



தைப்பூசத்துக்கு மறுநாள், பத்துமலைக் கோயிலில் முடி இறக்கிய மொட்டைத் தலைகளோடு நாற்பது பேர் வந்து நின்றார்கள். கிள்ளான் ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. கூட்டத்தின் கடைசியில் இராஜம்மா.

“என்னையும் உள்ள விடுவாங்களாக்கா?”

“நீதான்டி மொதல்ல வரணும். வா.”

சாந்தமேரி முந்தானைத் துண்டை அவள் கையில் கொடுத்தாள். “கசக்கு. திருப்பிப் பாரு. பின்னால சரிகை எப்படி ஓடியிருக்குது பாத்தியா? அங்க தொங்குறதும் அப்படித்தான். மலாய்க்காரப் பொம்பள ஒருத்தி இழை எண்ணி எண்ணிக் கோத்தது. ஒரு எண்ணிக்கை தப்புனா அந்தப் பூ கோணிப்போகும். இத கையால பாரு, அத கண்ணால பாரு.”

துண்டு கைக்குக் கை போயிற்று. கசக்கினார்கள், முகர்ந்தும் பார்த்தார்கள். பிறகு கயிற்றுக்கு இப்பால் நின்று ஒவ்வொரு பூவாக எண்ணத் தொடங்கினார்கள்.

“வெலைய சொல்லலியேம்மா?” என்றார் ஒரு மொட்டைத்தலைப் பெரியவர்.

“விக்கிறதுக்கு இல்லய்யா. அதனாலதான் ராஜாவும் பாக்கலாம், நீங்களும் பாக்கலாம்.”

இராஜம்மா தன் கைகளைத் தானே பின்னால் கட்டிக்கொண்டாள். அதைப் பார்த்து மற்றவர்களும் கட்டிக்கொண்டார்கள்.

அந்த நேரம் துரை வந்தார். இத்தனை பேர் இவ்வளவு அடக்கமாக நிற்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. மகிழ்ந்துபோய், ஏதோ ஒரு பூவைக் காட்டி விளக்க விரலை நீட்டினார். விரல் துணியை நெருங்கியது.

“தொரை! கையி!” என்று இராஜம்மா அதட்டினாள்.

சபாபதி மொழிபெயர்க்கவில்லை, தேவையும் இருக்கவில்லை. துரையின் காது சிவந்தது. மெதுவாக இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். சாந்தமேரி முந்தானைத் துண்டை வாங்கி அவரிடம் நீட்டினாள். அவர் அதை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துக் கசக்கிப் பார்த்தார். பிறகு, யாரும் சொல்லாமலே, திருப்பியும் பார்த்தார்.

துரை சொல்ல, சபாபதி எழுதி வைத்திருந்த அறிவிப்பைக் கிழித்துக் கூடையில் போட்டார். “இனி ஒவ்வொரு ஞாயிறும் வர ஏலுமோ எண்டு கேக்கிறார்.”

“மாதா கோயில் பூசை முடிஞ்சு வரேன்னு சொல்லுங்க.”

அடுத்த ஞாயிறு, குவார்ட்டர்ஸில் கார்டு கிரிகரி அடுப்பில் கறியைக் கிளறிக்கொண்டிருந்தார்.